உலகச் செய்திகளை உங்களுக்கு அனுப்புகிறவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்?

செய்தி டெஸ்க்கில் வெளிநாட்டுப் பக்கம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் படிக்கும் உலகச் செய்திகளில் பெரும்பகுதி ஏபி (அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ்), ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி (பிரான்ஸின் ஏஜென்ஸ் பிரான்ஸ்-பிரெஸ்) ஆகிய மூன்று செய்தி நிறுவனங்களிடம் ஊடகங்கள் சந்தா கட்டி வாங்குபவை. அவற்றில் ஒன்று வளைந்தால் பல நாடுகளின் முதல் பக்கங்களும் சேர்ந்து வளையும்.

அதனால்தான் அவற்றின் உடைமை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1846-இல் நியூயார்க் நாளிதழ்கள் சேர்ந்து தொடங்கிய ஏபி, இன்றும் லாபநோக்கற்ற கூட்டுறவு. ராய்ட்டர்ஸ், பங்குச் சந்தையில் உள்ள தாம்சன் ராய்ட்டர்ஸின் ஒரு பகுதி. ஆனால் சுதந்திரமாக, சார்பின்றிச் செய்தி தர வேண்டும் என்று 1941-இல் வகுத்த நம்பிக்கைக் கோட்பாடுகளைக் காக்கத் தனி அமைப்பு ஒன்றிடம் ‘நிறுவனர் பங்கு’ என்ற ஒற்றைப் பங்கு இருக்கிறது. யாராவது நிறுவனத்தைக் கைப்பற்றப் பார்த்தால், மற்ற எல்லா வாக்குகளையும் அது வென்றுவிடும். ஏஎஃப்பிக்குப் பங்குதாரர்களே கிடையாது. எந்த அரசியல், பொருளாதாரக் குழுவின் பிடியிலும் அது விழக்கூடாது என்கிறது 1957-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம். ஆனாலும் பிரெஞ்சு அரசு அதற்குப் பணம் தருகிறது, நிர்வாகக் குழுவிலும் இடம் வைத்திருக்கிறது. பிரெஞ்சு அரசைப் பற்றி அது தரும் செய்தியை நான் இன்னொரு நிறுவனத்தின் செய்தியோடு ஒப்பிட்டே போடுவேன்.

கோட்பாடு எழுதிவைத்தால் போதாது. பனிப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு ராய்ட்டர்ஸுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததை 2020-இல் வெளியான அரசு ஆவணங்கள் காட்டின. 1941-இன் கோட்பாடுகள் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தன!

சுதந்திரம் அன்றாட வேலையில்தான் தெரியும். 2024 மார்ச்சில் லண்டனின் கென்சிங்டன் அரண்மனை வெளியிட்ட பிரிட்டிஷ் இளவரசி கேத்தரினின் படத்தில் திருத்திய தடயம் தெரிந்ததும், ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி எல்லாம் ‘கில்’ அறிவிப்பு அனுப்பின. பயன்படுத்தாதீர்கள், நீக்கிவிடுங்கள் என்று பொருள். அனுப்பியது அரச குடும்பம் என்ற தயக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. 2025 பிப்ரவரியில், ‘மெக்சிகோ வளைகுடா’ என்ற பெயரை டிரம்ப் அரசு சொன்னபடி ‘அமெரிக்க வளைகுடா’ என்று மாற்ற மறுத்த ஏபியின் நிருபர்களை வெள்ளை மாளிகை தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. ஏபி வழக்குப் போட்டது.

செய்தியின் முதல் வரியிலோ இறுதியிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கும், பாருங்கள். பிறகு, சொன்னது யார் என்று தேடுங்கள்: அதிகாரியா, ஆவணமா, நேரில் பார்த்த நிருபரா? ஒன்றுமே இல்லாமல் ‘கூறப்படுகிறது’ என்று மட்டும் இருந்தால், அதே செய்தியை வேறொரு நிறுவனமும் தந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பகிருங்கள்.