34 என்றால் கொம்பனி தந்தது, 36 என்றால் போன் தானே வைத்தது

திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "போன் பெட்டியில் ஒட்டியிருந்த மக் முகவரியை வீட்டுக்காரர் ரவுட்டரில் பதிந்துவிட்டார். ஆனாலும் வைஃபை எடுக்குதில்லை. இந்த முகவரி மாறுமா?"

மாறும். மக் முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் இலக்கம். பதிந்த முகவரிகளை மட்டுமே ரவுட்டர் உள்ளே விடுகிறது, உங்கள் போன் அதனிடம் சொன்னதோ வேறு முகவரி. அண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாகவே ஒரு முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. கடைக்குக் கடை ஒரே இலக்கத்தைக் காட்டினால் ஆளின் நடமாட்டத்தைப் பின்தொடரலாம் என்பதே காரணம்.

மக் முகவரி 48 பிட் (ஒரு பிட் 0 அல்லது 1), அதாவது 12 பதினறும இலக்கங்கள் (0 முதல் 9 வரை, பின்பு ஏ முதல் எஃப் வரை). முதல் பாதியை ஐஇஇஇ என்ற தர நிர்ணய நிறுவனம் உற்பத்தியாளருக்கு ஒதுக்கும். மற்றப் பாதியை உற்பத்தியாளர் இடுவார். இதெல்லாம் உயர்தரத்தில் படித்ததுதான். அழகு முதல் பைட்டின் (முதல் 8 பிட்டுகளின்) கடைசி இரண்டு பிட்டுகளில் இருக்கிறது. 34 என்று தொடங்கும் முகவரியின் அந்த இரண்டு இலக்கங்களைத் துவிதத்தில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதுங்கள்: 0011 0100. 36 என்றால் 0011 0110. வித்தியாசம் ஒரேயொரு பிட். அது 0 என்றால் உற்பத்தியாளர் தந்த முகவரி, 1 என்றால் இங்கேயே வைத்துக்கொண்டது. அதனால்தான் போன் உருவாக்கும் முகவரிகளில் இரண்டாம் இலக்கம் எப்போதும் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று. ஆகக் கடைசிப் பிட் 1 ஆனால் அது ஒரு கருவியின் முகவரியே அல்ல, ஒரு கூட்டத்துக்கானது. ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு பைட்டும் கடைசிப் பிட்டிலிருந்தே புறப்படுகிறது. ஆகவே பெறுபவரின் முகவரியில் முதல் பிட் வந்தவுடனேயே, செய்தி ஒருவருக்கா பலருக்கா என்பது தெரிந்துவிடும்!

'மாற்ற முடியாத பௌதிக முகவரி' என்று மனனம் செய்ய வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. சிப்பில் பதிந்த இலக்கம் அப்படியே கிடக்கும். ட்ரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், அதை வாசித்து எடுக்கும் பிரதிதான் வெளியே போகிறது. மாற்றுவது அந்தப் பிரதியை. விண்டோஸில் டிவைஸ் மனேஜர் போய், நெட்வேர்க் அடப்டரின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'நெட்வேர்க் அட்ரஸ்' என்ற இடத்தில் 12 இலக்கங்களையும் இடைக்குறி இல்லாமல் இடுங்கள். சில ட்ரைவர்களில் அந்த இடமே இராது. வைஃபை அடப்டரில் இரண்டாம் இலக்கம் மேற்சொன்ன நான்கில் ஒன்றாக இல்லாவிட்டால், பெரும்பாலும் சத்தமில்லாமல் பழைய முகவரியே தொடரும். 'நொட் பிரசன்ட்' என்று தெரிவுசெய்தால் எல்லாம் பழையபடி.

பக்கத்து மேசைக் கணினியின் முகவரியை மட்டும் எடுத்து இடாதீர்கள். எந்த முகவரி எந்தத் துளையில் என்று, கணினிகளின் கம்பிகளை இணைக்கும் சுவிட்ச் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. இருவரும் மாறி மாறி அனுப்ப, அது மாறி மாறித் திருத்தும். இரண்டு பேருக்கும் இணைப்பு விட்டுவிட்டு வரும். மக் முகவரியை மாற்றினால் நெட் வேகம் கூடும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். முதல் ரவுட்டரைத் தாண்டி அது போவதே இல்லை.

வீட்டுக்காரருக்கு ஒரு சொல்: வைஃபையில் மக் முகவரி மறைகுறியாக்கப்படாமல் காற்றில் போகிறது, வேறொருவர் அதைக் கேட்டு எடுத்துத் தன் கருவியில் போட்டுக்கொள்ளலாம். பூட்டு கடவுச்சொல்தான். உங்களுக்கு: போனில் அந்த வைஃபையின் விபரப் பக்கத்தைத் திறந்து, அங்கே காட்டும் முகவரியைக் கொடுங்கள். ஐபோனில் 'ரொட்டேட்டிங்' என்று இருந்தால் 'ஃபிக்ஸ்ட்' ஆக்கிவிட்டுக் கொடுங்கள். போனை ஃபக்டரி ரீசெட் செய்தால் திரும்பவும் பதிய வேண்டிவரும்.