பையர் பெயரில் வந்த புழு

2022 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொடுக்கும் பனியன் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றிலிருந்து போன். “ஜெர்மனி பையர் கூப்பிட்டுச் சத்தம் போடறாருங்க, நம்ம பேர்ல அவருக்கு என்னென்னமோ மெயில் போகுதாம், இங்க யாரும் அனுப்பலைங்க” என்றார் முதலாளி. எல்லா கம்ப்யூட்டரிலும் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள், கம்ப்யூட்டரை மட்டும் ஆஃப் செய்யாதீர்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஆஃப் செய்தால் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்கிற தடயம் மெமரியோடு போய்விடும். கேபிளைப் பிடுங்கினாலே போதும், புழு, அதாவது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பரவும் கெட்ட புரோகிராம், வெளியே பேச முடியாது, பக்கத்து மெஷினுக்கும் தாவ முடியாது.

போய்ப் பார்த்தால் ஒன்பது கம்ப்யூட்டர், ஒன்பது பேர், ஒருவரும் எதையும் திறக்கவில்லை என்கிறார்கள். முதலாளி கோபமாக நின்றுகொண்டு வரிசையாகக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சீட்டாகப் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது சீட்டில் இருந்த மெர்ச்சண்டைசர் பெண், பையர்களோடு ஆர்டர் விஷயம் பேசுபவர், மெதுவாகச் சொன்னார்: “செவ்வாக்கிழமை நான்தாங்ணா ஒரு எக்செல் திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்ணா, மூடிட்டேன். சொன்னா வேலைக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு.”

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு மெஷினோடு முடிந்திருக்கும். வியாழக்கிழமை ராத்திரி நான் அதை மூன்று மெஷினில் பிடித்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த மெயிலை நானும் பார்த்தேன். பையர் பெயர் சரி. சப்ஜெக்ட்டில் அவர்களுடைய நிஜமான ஆர்டர் எண். கீழே நான்கு மாதத்துக்கு முன்பு இவரே எழுதிய மெயில் அப்படியே இருக்கிறது, கார்ட்டன் எண்ணிக்கை உட்பட. அதற்கு மேலே ஒற்றை வரி, இணைப்பைப் பாருங்கள் என்று. அந்த எக்செலை உள்ளே வைத்த ஒரு ஜிப் ஃபைல், அதைத் திறக்கப் பாஸ்வேர்டும் மெயிலிலேயே கொடுத்திருக்கிறார்கள். கப்பல் டாக்குமென்ட்டுக்காகக் காத்திருக்கும் யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள், நான் உட்பட.

இரண்டு இடத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் முகவரியைப் பார்த்தால், பையர் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் மெயில் ஐடி. இன்னொன்று அந்த ஜிப் பாஸ்வேர்டு. பூட்டையும் சாவியையும் ஒரே கவரில் போட்டு அனுப்புவதில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பூட்டிய ஜிப்புக்குள் மெயில் சர்வரில் இருக்கும் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டுகிறார்கள். ஜிப்பும் அதன் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் வந்தால், பெற்ற தகப்பன் பெயரில் வந்திருந்தாலும் போன் போட்டுக் கேட்காமல் திறக்காதீர்கள் என்று இப்போது எல்லா ஆபீஸிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்தது எமோடெட். 2014-ல் பேங்க் பாஸ்வேர்டு திருடும் டிரோஜனாக, அதாவது நல்ல ஃபைல் போல வேஷம் போட்டு உள்ளே நுழைவதாகத்தான் தொடங்கியது, அப்புறம் மெயில் வழியே தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் புழுவாகவும், மற்ற கெட்ட புரோகிராம்களை உள்ளே கொண்டுவந்து இறக்கும் வண்டியாகவும் மாறியது. 2019-ல் பெர்லினின் மேல்நிலை நீதிமன்றமே இதனிடம் மாட்டி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு வேலை பார்க்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் எட்டு நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றி, அந்த வருடம் ஏப்ரல் 25-ம் தேதி உலகம் முழுக்க மாட்டியிருந்த மெஷின்களிலிருந்து அது தானாகவே அழிந்துபோகும்படி செய்தார்கள். ஒழிந்தது என்று நானும் நினைத்தேன். நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டது.

இதில் என்னை இன்றுவரை உறுத்துகிற விஷயம், அவுட்லுக்கில் இருக்கும் முகவரிகளோடு நிற்காமல் மெயில்களின் உள்ளடக்கத்தையும் அது அள்ளிக்கொண்டு போவது. 2018 கடைசியிலிருந்தே அப்படித்தான். யாரோ இருவர் நிஜமாகப் பேசிக்கொண்ட பேச்சை எடுத்து, அதற்குப் பதில் எழுதுவது போல அடுத்தவரை ஏமாற்றுகிறது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழுவுக்கு ஒரு காதல் கடிதம் என்கிற ஆசை போதும். 2004 ஜனவரியில் மைடூம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மெயில் டெலிவரி ஆகவில்லை, இணைப்பைப் பாருங்கள் என்று சர்வர் எழுதியது போலவே வரும், இணைப்புக்கு நோட்பேட் ஐகான், திறந்தால் நோட்பேடில் குப்பை எழுத்துகள் கொட்டும், பின்னால் கதவைத் திறந்து வைத்துவிடும். அவை எல்லாருக்கும் ஒரே மெயிலைத்தான் விதவிதமாக அனுப்பின. எமோடெட் உங்களுக்கென்று தனியாக, உங்கள் வார்த்தைகளை வைத்தே எழுதுகிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் கெட்ட மெயில் போகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டரில்தான் புழு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தபால் கவரின் பின்பக்கம் எழுதுவது போலத்தான். உங்களோடு மெயிலில் பேசிய வேறு யாருடைய கம்ப்யூட்டராவது மாட்டியிருந்தாலும் உங்கள் பெயர் வெளியே போகும். அந்த மெயில் யாருக்கு வந்ததோ அவரிடம் அதன் முழு ஹெடரை, அதாவது மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவான தலைப்பு வரிகளை, அனுப்பச் சொல்லுங்கள், அதில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளில் எந்த சர்வரிலிருந்து கிளம்பியது என்று இருக்கும். அது உங்கள் சர்வர் இல்லையென்றால் உங்கள் கணக்கிலிருந்து போகவில்லை. உங்கள் சர்வர்தான் என்றால் உங்கள் பாஸ்வேர்டு போய்விட்டது. அந்த ஆபீஸில் இரண்டு வகையும் இருந்தன.

சரி, மெஷினில் எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வித்தியாசமான பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த எக்செலில் ‘எனேபிள் கன்டென்ட்’ பட்டனை அழுத்தியதும் மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் புரோகிராம், ஓடி, யாரோ ஒருவருடைய ஹேக் செய்யப்பட்ட வெப்சைட்டிலிருந்து ஒரு டிஎல்எல் ஃபைலை (தானாக ஓடாது, வேறொரு புரோகிராம்தான் அதை ஓட்ட வேண்டும்) இறக்கி, விண்டோஸுக்குச் சொந்தமான ரெக்எஸ்விஆர்32 என்கிற புரோகிராமைக் கொண்டே அதை ஓட்டுகிறது. மேனேஜரில் தெரிவது மைக்ரோசாஃப்ட்டின் நல்ல பெயர். அதனால் பெயரைப் பார்க்காமல், அது எந்த ஃபைலைத் தூக்கி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் புராசஸ் எக்ஸ்புளோரர், கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ் என்று இரண்டு இலவசக் கருவிகள் உண்டு, பென்டிரைவில் எப்போதும் என்னிடம் இருக்கும். ஆட்டோரன்ஸில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ளவற்றை மறைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான வரிகள் ஒரு பத்து இருபதாகச் சுருங்கும். அந்தப் பெண்ணின் மெஷினில் டேலி, பிரிண்டர், ஆன்டிவைரஸ் இவற்றுக்கு நடுவே ஒரு வரி: ரெக்எஸ்விஆர்32, அதற்குப் பின்னால் யூஸர் ஃபோல்டரில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கலில், வாயில் நுழையாத எழுத்துகளில் ஒரு ஃபோல்டர், அதே மாதிரி பெயரில் ஒரு ஃபைல். உருவான நாள் செவ்வாய்க்கிழமை. அவர் எக்செலைத் திறந்த நேரத்தோடு ஒத்துப்போனது. ஜப்பானின் சைபர் பாதுகாப்பு அமைப்பான ஜேபிசெர்ட் எமோடெட்டுக்காகவே எமோசெக் என்று ஒரு சின்னக் கருவியை 2020-லிருந்து கொடுக்கிறது, அதையும் ஓட்டி உறுதி செய்துகொண்டேன். அதே ஆபீஸின் இன்னொரு மெஷினில் அது சர்வீஸாகவே, அதாவது விண்டோஸின் பின்னணி வேலைகளில் ஒன்றாகவே, உட்கார்ந்திருந்தது.

எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓடுகிற புராசஸை நிறுத்த வேண்டும், அப்புறம் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் பதிவேட்டில், அது தன்னை எழுதி வைத்திருக்கும் வரியை நீக்க வேண்டும், கடைசியாக ஃபைல். ஓடிக்கொண்டிருக்கும்போதே வரியை மட்டும் அழித்தால் திரும்ப எழுதிக்கொள்ளும் சாமர்த்தியம் பல புழுக்களுக்கு உண்டு. ஆன்டிவைரஸ் தினமும் பிடிக்கிறது, மறுநாளும் வருகிறது என்று புலம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதற்குப் பிறகு விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் கிளம்பும் முன்பே ஓடுவது, கால் மணி நேரம் ஆகும். இதெல்லாம் செய்துவிட்டும் நான் அந்த மூன்று மெஷினையும் நம்பவில்லை. எமோடெட் தனியாக வருவதில்லை, முன்பெல்லாம் டிரிக்பாட் என்கிற இன்னொரு கெட்ட புரோகிராமைக் கொண்டுவரும், அதன் பின்னால் ரியூக் என்கிற ரேன்சம்வேர் வந்து ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இரண்டு நாள் உள்ளே இருந்தது வேறு எதையெல்லாம் இறக்கியது என்று யாருக்கும் தெரியாது. டேலி டேட்டாவையும் டாக்குமென்ட்களையும் மட்டும் எடுத்து வேறு மெஷினில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூன்றிலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். விடிந்துவிட்டது.

என்னைப் போல் சர்வீஸுக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று. மாட்டிய மெஷினில் உங்கள் அட்மின் கணக்கை வைத்து லாகின் செய்யவே செய்யாதீர்கள், குறிப்பாக நெட்வொர்க்கில் உள்ள எல்லா மெஷினையும் திறக்கும் டொமைன் அட்மின். சுத்தம் செய்ய உள்ளே போகிற நேரத்திலேயே சாவிக்கொத்தை அதன் கையில் கொடுத்தது போல் ஆகிவிடும். நெட்வொர்க்கில் பக்கத்து மெஷினுக்கு அது தாவுவதே பாஸ்வேர்டை வைத்துத்தான். சாதாரணமாக வைக்கும் பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை அதுவே வைத்திருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். இந்த ஆபீஸில் ஒன்பது மெஷினுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, அதுவும் ஒன்று இரண்டு மூன்று என்று முடிவது. அதை அப்படி வைத்தது அவர்களுக்கு முன்பு வேலை பார்த்தவர், மாற்றாமல் விட்டது நான். அந்தத் தப்பு என்னுடையது.

பாஸ்வேர்டுகளை மாற்றியது வேறொரு சுத்தமான லேப்டாப்பிலிருந்து. மெயில், பேங்க், கஸ்டம்ஸ் போர்ட்டல், பிரவுசரில் சேமித்து வைத்திருந்த அத்தனையும், ஏனென்றால் பிரவுசரில் இருப்பதையும் அது எடுத்துக்கொள்ளும். மெயிலில் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லா இடத்திலும் லாகவுட் செய்ய வேண்டும், ஃபார்வர்டிங் ரூல் ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட வேண்டும். நிறுவனங்கள் இதை இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த ஏப்ரல் 28-ம் தேதி வந்த உத்தரவுப்படி தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930, சைபர் மோசடிக்கான உதவி எண்.

புழு உள்ளே வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தப் பெண்ணின் மெஷினில் இருந்தது மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010. மைக்ரோசாஃப்ட் அதற்கு அப்டேட் தருவதை 2020 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. 2022-ல் இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோவை அவர்கள் அடைத்து வைத்தார்கள், நல்ல காரியம், ஆனால் அது புதிய ஆபீஸ்களுக்குத்தான். எட்டு லட்ச ரூபாய்க்கு எம்ப்ராய்டரி மெஷின் வாங்குகிற இடத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும் பழைய சிடியைப் போட்டே ஓட்டுகிறோம். அவர்களுக்கு நான் மேக்ரோவை மொத்தமாக அணைத்து, எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு கொடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு அதன் வகையைச் சொல்லும் எழுத்துகள் தெரியும்படி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று காலையில் செய்த கடைசி வேலை போன். அந்தப் பெண்ணும் முதலாளியும் உட்கார்ந்து, மெயிலில் பேச்சுவார்த்தை இருந்த ஒவ்வொரு பையரையும், டையிங்காரரையும், சரக்கைக் கப்பலேற்றும் ஃபார்வர்டரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள்: எங்கள் மெயில்கள் திருடு போயிருக்கின்றன, எங்கள் பெயரில் ஜிப் வந்தால் திறக்காதீர்கள், கூப்பிடுங்கள். முதலாளிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, பேர் கெட்டுவிடுமே என்று. மெஷின்கள் சுத்தமாகிவிட்டன, போன மெயில்களை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியாது. ஜூலையிலிருந்து அடங்கியிருந்த எமோடெட் நவம்பரில் மறுபடி கிளம்பியது. அந்த வாரமே அதே ஜெர்மனி பையருக்கு, அதே பழைய பேக்கிங் லிஸ்ட் பேச்சுக்குக் கீழே, அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு எக்செல் போயிருக்கிறது. அவர் திறக்கவில்லை. திருப்பூருக்கு போன் போட்டு, இதை நீங்கள் அனுப்பினீர்களா என்று அவரிடமே கேட்டார்.