‘சத்துணவு’ இருக்க ‘ஆரோக்கியமான பள்ளி உணவு’ எதற்கு?

பாளையங்கோட்டையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழ் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. தலைப்பு இதுதான்: ‘ஆரோக்கியமான பள்ளி உணவிற்கான தேசியக் கொள்கை மற்றும் நிதியளித்தல்’. ஏழு சொல்லிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் படித்து முடித்தால் தமிழில் எதையோ படித்த உணர்வே வரவில்லை. “சத்துணவுன்னு போடலாமே” என்றேன். கொண்டுவந்த தம்பி சொன்னார்: “இல்ல அண்ணாச்சி, சத்துணவுன்னா அது கவர்மெண்டு திட்டத்தோட பேரு. இது பொதுவா ஹெல்த்தி ஃபுட்டப் பத்தின கூட்டம்லா.”

இதே பதிலைப் பல பேரிடம் பல மாதிரி கேட்டாயிற்று. செய்தித்தாளிலும் வானொலியிலும் ‘ஆரோக்கியமான உணவு’, ‘ஆரோக்கியமான தின்பண்டம்’, ‘ஆரோக்கியமான எண்ணெய்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சொல்லின் பிறப்பு. சத்து + உணவு = சத்துணவு. நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம் உயிர் வந்ததும் கெட்டு, சத்துணவு என்று புணர்ந்தது. சத்தை உடைய உணவு என்று விரியும். உணவு என்பது உண் என்ற வேரில் பிறந்தது. ஊண், உண்டி, ஊட்டு எல்லாம் அதே குடும்பம். ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’ என்று புறநானூற்றில் பாண்டியனுக்குச் சொன்ன அதே சொல்தான் இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. சத்து வடமொழிச் சத்துவத்தோடு தொடர்புள்ளது. சாரம், வலு என்ற பொருளில் தமிழில் வந்து தங்கிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது ஆரோக்கியத்துக்கு வருவோம். ரோகம் என்றால் நோய். அது இல்லாத நிலை ஆரோக்கியம். அதாவது உயிருள்ள ஓர் உடம்பின் நிலையைச் சொல்லும் சொல். ‘ஆரோக்கியமா இருக்கீங்களா’ என்று ஒருவரைக் கேட்கலாம், குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது என்று சொல்லலாம். ஆரோக்கியசாமி என்றும் ஆரோக்கியமேரி என்றும் நம் கடற்கரை ஊர்களில் தெருவுக்கு நாலு பேருக்குப் பெயர் இருக்கிறது. பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டி வைத்த பெயர்கள் அவை. ஆனால் சோற்றுக்கு நோய் வருமா? நோய் வரவே முடியாத ஒன்றை நோயில்லாதது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? ஆங்கிலத்தில் ‘ஹெல்த்தி’ என்ற ஒரே சொல் நலமாக இருப்பவரையும் குறிக்கும், நலம் தருவதையும் குறிக்கும். தமிழில் இரண்டும் வேறு வேறு. நலம் தரும் பொருளை நாம் ‘உடம்புக்கு நல்லது’ என்போம், ‘சத்துள்ளது’ என்போம், ‘உடம்பில் ஒட்டும்’ என்போம். இத்தனை வழி இருக்கும்போது, ஆங்கில அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து உணவின் தலையில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் உளுந்தஞ்சோறு ஆக்கி, எள்ளுத் துவையலோடு வயசுக்கு வந்த பிள்ளைக்குப் போடுவார்கள். ‘தின்னு, இடுப்புக்குச் சத்து’ என்பாள் ஆச்சி. மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கும்போதும் சத்து, வயலுக்குத் தழை மிதிக்கும்போதும் சத்து. ‘மண்ணுல சத்துப் போச்சு’ என்று தாமிரபரணிப் பாசனத்து விவசாயி சொல்கிறார். சத்துமாவு விற்காத மளிகைக் கடை உண்டா? நார்ச்சத்து, மாவுச்சத்து, கொழுப்புச்சத்து, புரதச்சத்து, இரும்புச்சத்து, உயிர்ச்சத்து என்று பாடநூலுக்கும் அதுதான் கைகொடுத்திருக்கிறது. இவ்வளவு கிளை விட்ட சொல்லை ஒதுக்கிவிட்டு ஆரோக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், அதை வைத்து மேலே எந்தச் சொல்லை உண்டாக்க முடியும்? இரும்பாரோக்கியம் என்று ஒன்று சொல்ல முடியுமா?

ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றுகிறோம் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1946 முதல் பள்ளி மதிய உணவுக்கு நாடு தழுவிய சட்டம் இருக்கிறது. 2010-இல் அதைத் திருத்தி உணவின் தரத்தை உயர்த்த ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஆரோக்கியமான, பசியில்லாப் பிள்ளைகள் சட்டம்’ என்று வரும். ஆரோக்கியம் அங்கேயும் பிள்ளைக்குத்தான் அடைமொழி. நம்முடைய மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் பெயர், தொடக்கக் கல்விக்கான ஊட்ட ஆதரவுத் தேசியத் திட்டம். அதிலும் இருப்பது ஊட்டம்தான்.

இதைச் சொல்லோடு மட்டும் நிற்கிற சண்டை என்று நினைக்க வேண்டாம். சத்தை அளக்கலாம், ஆரோக்கியத்தை ஒரு தட்டில் வைத்து அளக்க முடியாது. கொள்கை, நிதி என்று பேச வந்தால் இதுதான் முக்கியம். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி உணவு பற்றி இடைக்கால உத்தரவு போட்டபோது, ஆரோக்கியமான உணவு கொடுங்கள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லவில்லை. சமைத்த உணவாக, குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 200 நாளாவது போட வேண்டும் என்று எண்ணைச் சொன்னது. அதுவரை பல மாநிலங்களில் பிள்ளைகளுக்கு மாதம் 3 கிலோ தானியத்தை அளந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்க வகுப்புக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8 வரை 700 கலோரி, 20 கிராம் புரதம் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இது பிள்ளையின் சட்ட உரிமை.

கணக்கைப் பார்த்தால் சொல்லின் அருமை தெரியும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு மத்திய அளவுப்படி அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5. அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி வந்துவிடும். ஆனால் புரதம் 7 கிராம்தான். பருப்பு நாலரை கிராம் தரும். ஆக, 12 என்பது இழுத்துப் பறித்துத்தான் எட்டுகிறது. ஓர் ஆள் பருப்பில் கொஞ்சம் கை வைத்தாலும், குழம்பில் தண்ணீர் கூடினாலும் வயிறு நிறையும், சத்து குறைந்துவிடும். தமிழ்நாட்டில் போடும் முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரியும். ‘ஆரோக்கியமான உணவு வழங்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டால் யாரும் எதையும் கேட்க முடியாது. ‘சத்து இருந்ததா’ என்று கேட்டால் பருப்பு எத்தனை கிலோ போட்டீர்கள் என்ற அடுத்த கேள்வி தானாக வரும்.

பணமும் அப்படித்தான். தானியத்தை மத்திய அரசு முழுதாகத் தருகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் இவற்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் முதல் தொடக்க வகுப்புக்கு 6 ரூபாய் 78 காசு, மேல் வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு. இதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. கடையில் ஒரு முட்டை வாங்கினாலே 6.78-இல் பெரும்பகுதி போய்விடும். மத்திய திட்டம் 8-ஆம் வகுப்போடு நிற்கிறது. இங்கே 10-ஆம் வகுப்பு வரை போடுகிறோம் என்றால் அது மாநிலம் தன் கையிலிருந்து போடும் காசு. இந்தக் காசுக்கு நம் சத்துணவு மையங்களில் பழக்கத்தில் இருக்கும் பெயர் ‘உணவூட்டுச் செலவினம்’. எவ்வளவு நல்ல சொல் பாருங்கள். ஊட்டுவதற்கு ஆகும் செலவு. அமைப்பாளர்களும் சமையலர்களும் கோரிக்கை வைக்கும்போது இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். கருத்தரங்கு நடத்துகிறவர்கள் ‘நிதியளித்தல்’ என்று எழுதுகிறார்கள்.

‘மதிய உணவு’ என்று எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், தவறில்லை. ஆனால் அது பொழுதை மட்டும்தான் சொல்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது மதிய உணவு. 1956-இல், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்ததும் மதிய உணவு. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனை ‘பள்ளிக்கூடம் போகலையா’ என்று அவர் கேட்டதும், ‘போனா சோறு யாரு போடுவா’ என்று அவன் திருப்பிக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற கதை. அந்தக் காலத்துக்குப் பசி ஆறுவதே பெரிது, அதனால் அந்தப் பெயர் பொருத்தம். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கியபோது ‘சத்துணவு’ என்று பெயர் வைத்தார்கள். வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, சத்தும் இருக்க வேண்டும் என்ற கொள்கையே பெயராகிவிட்டது. பின்னால் வந்த ஆட்சியில் முட்டை சேர்ந்தது, அது வாரத்துக்கு ஐந்தானது. பெயர் கேட்டதை ஆட்சிகள் ஒவ்வொன்றாகக் கொடுத்தன என்றுதான் நான் பார்க்கிறேன்.

திட்டத்துக்குப் பெயராகிவிட்டதால் அது பொதுச்சொல் இல்லை என்கிற வாதம் நிற்காது. கர்ப்பிணிகளிடம் சத்துணவு சாப்பிடுங்கள் என்று செவிலியர் சொல்லும்போது யாரும் பள்ளிக்கூடத்துக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

அப்புறம் இந்தப் ‘போஷண்’. 2021 செப்டம்பரில் மத்திய அரசு மதிய உணவுத் திட்டத்துக்குப் பெயர் மாற்றி ‘பிரதான் மந்திரி போஷண் சக்தி நிர்மாண்’ என்றது. அப்போது ஐந்தாண்டுக்குப் போட்ட கணக்கில் மத்திய அரசின் பங்கு 54,061.73 கோடி, மாநிலங்களின் பங்கு 31,733.17 கோடி, அதற்கு மேல் தானியச் செலவு. இவ்வளவு பெரிய பணம் எதற்கு என்பதைத் தமிழ்ப் பிள்ளையின் தாய்க்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தியை எழுத்துமாற்றி அச்சடிக்கிறார்கள். பெயர்க்கிறோம் என்று ‘ஊட்டச்சத்து சக்தி உருவாக்கம்’ என்று போடுகிறவர்களும் உண்டு. சத்தும் சக்தியும் அடுத்தடுத்து நின்று எதுவும் விளங்காமல் போகிறது. வடமொழியில் புஷ் என்ற வேருக்கு வளர்த்தல், செழிக்கச் செய்தல் என்று பொருள். போஷணை, போஷகர் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் போஷாக்கு என்று எழுதுகிறார்கள். அவர்கள் அதைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். ‘போஷண்’ தமிழாகவே இல்லை. போதாக்குறைக்கு 2018-இல் தொடங்கிய ‘போஷண் அபியான்’ வேறு இருக்கிறது. அது அங்கன்வாடிப் பக்கம், இது பள்ளிக்கூடப் பக்கம். செய்தி எழுதுகிறவர்களே இரண்டையும் குழப்புகிறார்கள். ஒன்றை ‘ஊட்ட இயக்கம்’ என்றும் மற்றதைப் ‘பள்ளிச் சத்துணவு’ என்றும் எழுதினால் குழப்பத்துக்கு வேலையே இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் ‘சத்து’ வடசொல்தானே, ‘ஊட்டுணவு’ என்று சொல்லலாமே என்பார்கள். அவர்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் ஊட்டுணவு என்றால் காதில் விழுவது ஊட்டிவிடும் உணவு, கைக்குழந்தைக்கு உரியது. ஊட்டம் என்பதை உடம்பு உணவால் வளரும் செயலுக்கு வைத்துக்கொள்ளலாம், சத்து உணவில் இருக்கும் பொருளுக்கு இருக்கட்டும். இரண்டையும் ஒட்டி எதற்கெடுத்தாலும் ‘ஊட்டச்சத்து’ என்று எழுதுவதைத்தான் குறைக்க வேண்டும். ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்பதைவிட ‘சத்துக்குறைவு’ எவ்வளவு சுருக்கம்!

அந்தத் தலைப்பில் இன்னொரு குறை ‘மற்றும்’. தமிழில் இரண்டைச் சேர்க்க ‘உம்’ இருக்கிறது. ‘பள்ளிச் சத்துணவு: நாட்டின் கொள்கையும் நிதி ஒதுக்கீடும்’ என்று திருத்திக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில வரிசைக்குக் கீழே தமிழ்ச் சொல்லை அடுக்குவதை விட வேண்டும். ‘சூடான சமைத்த உணவு’ என்று எழுதுகிறார்கள். ‘சுடச்சுடச் சமைத்த சோறு’ என்றால் என்ன குறைந்துவிடும்?

சொல் விளங்காமல் போவதில் ஆபத்தும் இருக்கிறது. ரேஷனிலும் பள்ளியிலும் சில ஆண்டுகளாகக் கொடுத்துவந்தது ‘செறிவூட்டப்பட்ட அரிசி’. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, அரிசி வடிவிலேயே மணியாக்கி, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்தார்கள். அந்த மணி நிறத்தில் கொஞ்சம் வேறுபடும், களையும்போது சிலது மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து பொறுக்கி எறிந்த தாய்மார்கள் இந்த மாவட்டத்திலேயே உண்டு. எறிந்தது எதை? சத்தைத்தான். செறிவு என்றால் அடர்த்தி. எது அடர்ந்திருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. இப்படிச் சத்து சேர்த்த உணவுக்கு மூட்டையில் போடும் ‘பிளஸ் எஃப்’ முத்திரையிலும் ‘சம்பூர்ண போஷண்’ என்று இந்திதான் இருக்கிறது. ‘சத்து சேர்த்த அரிசி, மிதக்கும் மணியை எறியாதீர்கள்’ என்று ஒரு வரியைத் தமிழில் பெரிதாகப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும், சத்துணவுக் கூடத்துச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும்.