ஈக்விட்டி (பேக்கேமன்): பொருள், வேர், தமிழ்ல எப்படிச் சொல்றது

பேக்கேமன் (பகடை உருட்டிக் காய நகத்தி வெளிய எடுக்குற ரெண்டு பேர் ஆட்டம்) ஆடி முடிச்சுட்டு அந்த ஆட்டத்த ஜிஎன்யு பேக்கேமன், எக்ஸ்ட்ரீம் கேமன் மாதிரி ஆட்டத்த அலசுற சாஃப்ட்வேர்ல ஏத்திப் பாத்தா, டபுள் பண்ற (பணயத்த ரெண்டு மடங்காக்கலாமான்னு எதிராளிகிட்ட கேக்குற) இடம் வர்றப்பல்லாம் மூணு வரி காட்டும். டபுள் பண்ணாம ஆடுனா இவ்வளவு, டபுள் பண்ணி எதிராளி ஏத்துக்கிட்டா இவ்வளவு, அவர் ஏத்துக்காம அப்ப இருக்குற பணயத்தக் குடுத்துட்டு ஆட்டத்தயே விட்டுட்டா இவ்வளவு. இந்த 'இவ்வளவு'க்குப் பேர்தான் ஈக்விட்டி. புதுசா பாக்குறவங்க பாதிப் பேரு இத ஜெயிக்கிற சதவீதம்னு எடுத்துக்குறாங்க, சதவீதம் தனியா வேற எடத்துல இருக்கும், இது அது கெடையாது.

பொருள் என்னன்னா, இப்ப காய் நிக்கிற நிலைல இருந்து இதே ஆட்டத்த ஆயிரக்கணக்கான தடவ ஆடுனா ஒரு ஆட்டத்துக்குச் சராசரியா உங்க கைக்கு வர்ற (இல்ல கையவிட்டுப் போற) பணயம். சும்மா ஜெயிச்சா 1, எதிராளி ஒரு காய்கூட வெளிய எடுக்காம தோத்தா அது கேமன், 2, அதுலயும் மோசமா தோத்தா அதுக்கும் ஆட்டத்தோட பேரேதான், பேக்கேமன், 3. இதையெல்லாம் அதது நடக்குற வாய்ப்பால பெருக்கிக் கூட்டி, தோக்குற பக்கத்தையும் அதே மாதிரி கணக்குப் போட்டுக் கழிச்சா வர்றது. கியூப் (பணயம் இப்ப எத்தன மடங்குன்னு காட்டுற கட்டை) 4ல நின்னாலும் சாஃப்ட்வேர் பொதுவா அந்த 4ஐயே ஒண்ணுன்னு வெச்சுத்தான் காட்டும், அதனால எதிராளி விட்டுடுற வரில எப்பவுமே +1.000தான் நிக்கும். அந்த வரிய அளவுகோலா வெச்சுக்கிட்டா மத்த ரெண்டும் படிக்க ஈசி.

ஒரு நிலை சொல்றேன், பேப்பர்லயே போட்டுப் பாக்கலாம். உங்களுக்கு ரெண்டு காய்தான் மிச்சம், வெளிய போற பக்கத்துல இருந்து எண்ணுனா ஒண்ணு 5வது வீட்டுல, ஒண்ணு 2வது வீட்டுல. எதிராளிக்கு ஒரே காய், முதல் வீட்டுல, அவர் கைக்குப் பகடை போனா ஆட்டம் முடிஞ்சுது. இப்ப நீங்க உருட்டணும், கியூப் நடுவுல இருக்கு, அதாவது யாரும் இன்னும் டபுள் பண்ணல. ரெண்டு பகடைக்கு மொத்தம் 36 விதம், அதுல ரெண்டு காயும் பழமாகுறது (தாயக்கட்ட ஆடுனவங்களுக்கு இந்த வார்த்த போதும், மத்தவங்களுக்கு, வெளிய போறது) 19 விதத்துல, மிச்சம் 17ல தோல்வி. 53 சதவீதம்கூட முழுசா இல்ல, இதுக்குப் போய் யாராவது டபுள் பண்ணுவாங்களான்னு தோணும். ஆனா கணக்குப் பாருங்க, டபுள் பண்ணாட்டி 19ல இருந்து 17 போக 2, அத 36ஆல வகுத்தா +0.056. டபுள் பண்ணி அவர் ஏத்துக்கிட்டா அப்படியே ரெண்டு மடங்கு, +0.111. இதுக்கப்புறம் ஆட்டமே இல்லங்கறதால கியூப அவர் கைல குடுக்குறதுல பயமும் இல்ல, ஆக டபுள் பண்ணித்தான் ஆகணும், அவரும் ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும், விட்டா அவருக்கு முழுசா 1 போயிடும்.

இப்ப ரெண்டு காய எடுத்துட்டு 6வது வீட்டுல ஒரே ஒரு காய் வைங்க. 36ல 27ல வெளிய வந்துரும், சரியா 75 சதவீதம். ஏத்துக்கிட்ட வரில (27 − 9) / 36, அத ரெண்டால பெருக்குனா +1.000, விட்டுட்ட வரிலயும் +1.000. எதிராளிக்கு ரெண்டும் ஒண்ணுதான். 25 சதவீதம் இருந்தா ஏத்துக்கலாம்னு எல்லாரும் மனப்பாடமா சொல்றாங்களே அது பொறக்குற எடம் இதுதான், நாலு ஆட்டம் விட்டா 4 போகும், நாலையும் ஏத்துக்கிட்டு மூணுல தோத்து ஒண்ணுல ஜெயிச்சாலும் 6 குடுத்து 2 வாங்கி அதே 4தான் போகும்.

ஆட்டம் இன்னும் நீளமா மிச்சம் இருக்குறப்ப கத மாறும். ஏத்துக்கிட்டவர் கைல கியூப் போகுது, அதுக்கப்புறம் அவர் மட்டும்தான் திருப்பி டபுள் பண்ண முடியும், அந்த உரிமைக்கே ஒரு வில இருக்கு. அதனால கேமன் பயம் இல்லாத ஓட்டப்பந்தய நிலைல (ரெண்டு பேர் காயும் ஒண்ண ஒண்ணு தாண்டிட்ட நிலை) ஜெயிக்கிற வாய்ப்பு 22 சதவீதம் சுமாருக்கு இருந்தாலே ஏத்துக்கலாம், கேமன் பயம் இருந்தா 25ஐயும் தாண்டித் தேவப்படும். கியூபோட தாக்கத்தச் சேக்காத ஈக்விட்டி, சேத்த ஈக்விட்டின்னு சாஃப்ட்வேர் ரெண்டு காட்டுறது இதுக்குத்தான், முடிவெடுக்க ரெண்டாவதத்தான் பாக்கணும். 1975ல கீலர், ஸ்பென்சர்னு ரெண்டு கணித ஆளுங்க கியூப முழுத் திறமையோட பயன்படுத்துனா 80க்கு 20ன்னு, அதாவது 20 சதவீதம் இருந்தாலே ஏத்துக்கலாம்னு கணக்குல காட்டுனாங்க, நிஜ ஆட்டம் அந்த 20க்கும் 25க்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அந்த 'எங்கயோ'வுக்கு ஜனோவ்ஸ்கிங்கறவர் ஒரு ஃபார்முலா போட்டார், ஜிஎன்யு இன்னிக்கும் அதத்தான் வெச்சு ஓட்டுது.

மூணு வரியப் படிக்கிற முறை இவ்வளவுதான்: ஏத்துக்கிறது, விடுறது ரெண்டுல எது டபுள் பண்றவருக்குக் கம்மியோ அதத்தான் எதிராளி தேர்ந்தெடுப்பார், அந்தக் கம்மிய டபுள் பண்ணாத வரியோட ஒப்பிடணும். பண்ணாத வரி +0.812, ஏத்துக்கிட்டா +0.874ன்னு வந்தா டபுள் பண்ணாம விட்டது 0.062 தப்பு. பண்ணாத வரியே +1.080ன்னு வந்தா (விட்டா எப்பவும் போல 1, ஏத்துக்கிட்டா அதுக்கும் மேல) டபுளே பண்ணக்கூடாது, கேமனுக்கு ஆடணும், எதிராளிய ஒரு பாயின்டோட தப்பிக்க விடுறது நஷ்டம். என்னக் கேட்டா சாஃப்ட்வேர் வாங்கி வெச்சுக்கிட்டு சரியா தப்பான்னு மட்டும் பாக்குறதுக்குப் பதிலா இந்த வித்தியாசம் எவ்வளவுன்னு பாக்குறதுலதான் படிப்பு இருக்கு, 0.010 தப்பெல்லாம் தூக்கத்தக் கெடுக்க வேண்டிய விஷயமே இல்ல.

சரி வேர். லத்தீன்ல ஈக்குவஸ்னா சமம், மேடுபள்ளம் இல்லாதது, அதுல இருந்து நியாயம்னு பொருள் தர்ற ஈக்விட்டாஸ், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. இங்கிலாந்துல சான்சரி கோர்ட்டு (ராஜாவோட சான்சலர் நடத்துன கோர்ட்டு) பொதுச் சட்டம் (காமன் லா) கைவிட்ட எடத்துல நியாயம் பாத்துத் தீர்ப்பு சொன்னதுக்கு இதே பேரு. அடமானம் வெச்சவன் கெடு தப்புனாலும் கடன அடச்சு நிலத்த மீட்டுக்குற உரிமை அவனுக்கு உண்டுன்னு அந்தக் கோர்ட்டு சொல்லுச்சு, அந்த உரிமைக்கு வந்த பேர்தான் பின்னாடி 'கடன் போக உன்னோடதுன்னு மிஞ்சுறது'ங்கற பொருளுக்கும், அங்க இருந்து கம்பெனிப் பங்குக்கும் போச்சு. பேக்கேமன்லயும் கிட்டத்தட்ட அந்தப் பொருள்தான், மேசைல கெடக்குற பணயத்துல இந்த நிமிஷம் உன்னோடது எவ்வளவு. ஆட்டத்த இப்பவே நிறுத்துனா பணத்த எப்படிப் பிரிக்கிறது நியாயம்னு பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654ல கடிதம் எழுதிக்கிட்டாங்களே அதே கேள்வி, நிகழ்தகவுக் கணிதமே அங்க இருந்துதான் கெளம்புச்சு. கியூப் ரொம்பப் பின்னாடி, 1920கள்ல நியூயார்க்ல வந்தது.

தமிழுக்கு வருவோம். டிக்‌ஷனரியப் பாத்து சமத்துவம், சமநீதின்னு போட்டா சமூகநீதிக் கட்டுரைக்குப் பொருந்தும், இங்க சிரிப்பாயிடும். பங்குன்னு போட்டா வாசிக்கிறவன் ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிடுவான். எதிர்பார்ப்பு மதிப்புங்கறது கணக்குல சரி, தப்பே சொல்ல முடியாது, ஆனா நீளம், அதுவும் 'எதிர்பார்ப்பு'ன்னா ஆசைன்னு வேற காதுல விழும். எனக்குப் புடிச்சது நிலைமதிப்பு. காய் நிக்கிற நிலைக்கு என்ன மதிப்புங்கறது அதுலயே இருக்கு, மைனஸ்ல போனாலும் இடிக்காது, 'இந்த நிலைமதிப்பு +0.111'னு சொன்னா வாய்லயும் நிக்கும். டபுளிங் கியூபுக்கு இரட்டிப்புக் கட்டைன்னு தாராளமா சொல்லலாம், உருட்டுற கட்டை இல்லங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு எடத்துல மட்டும் நிலைமதிப்பு ஒத்துவராது. மேட்ச் ஈக்விட்டின்னு ஒண்ணு இருக்கு, 7 பாயின்ட் மேட்ச்ல 4-2ன்னு ஸ்கோர் நின்னா மேட்ச் முழுசையும் ஜெயிக்கிற வாய்ப்பு எத்தன சதவீதம்ங்கறது அது. பேருதான் ஈக்விட்டி, விஷயம் சுத்தமான சதவீதம், அத 'மேட்ச் வெற்றி வாய்ப்பு'ன்னு தனியாவே எழுதிடுறது நல்லது. மேட்ச்ல டபுள் முடிவு பாக்குறப்ப சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள இந்தச் சதவீதத்த வெச்சுத்தான் கணக்குப் போடும், வெளிய காட்டுறப்ப பழையபடி 1.000 அளவுக்கு மாத்திக் காட்டும், அதனால பணத்துக்கு ஆடுறப்ப 25ன்னு மனப்பாடம் பண்ணத அங்க அப்படியே கொண்டுபோக முடியாது, ஸ்கோருக்கு ஸ்கோர் அந்தக் கோடு நகரும்.