பாட்டு முடிந்த ராத்திரியே எழுதி வையுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டுத் தாங்களே பாடும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது; தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி எடுத்து வருவார்கள். உச்சரிப்பைத் திருத்தலாம், சுருதியைச் சரிசெய்யலாம். யார் எதை உருவாக்கினார்கள் என்று எழுதி வைக்காமல் விட்டதைத்தான் பிறகு சரிசெய்ய முடிவதில்லை.

பாட்டு உருவாகும் விதம் அப்படி. ராத்திரி போனில் முணுமுணுத்துப் பதிந்த இரண்டு வரியோடு ஒரு பிள்ளை வரும். கீபோர்டு வாசிக்கும் தம்பி பல்லவியின் கடைசி அடியை மேலே ஏற்றிப் பாடிக் காட்டுவான். அந்த ஏற்றம்தான் பாட்டையே தூக்கி நிறுத்தும். அந்த மெட்டில் அவனுக்கும் பங்கு உண்டா? அன்றைக்கே கேட்டால் சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடலாம். பாட்டு லோட்டஸ் எஃப்.எம். ரேடியோவில் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் சிரிப்பு வராது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, பதிவு இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் பதியச் சொன்னவருக்கே பதிவு சொந்தம். வரியும் மெட்டும் ஆக்கியவருக்கு. அவர் ஆயுளும் அதற்குப் பிறகு 50 வருடமும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். மேடையிலும் ரேடியோவிலும் பாட்டு ஒலிப்பதற்குக் கவிஞருக்கும் இசையமைத்தவருக்கும் சாம்ரோ என்ற அமைப்பு பணம் வசூலித்துத் தரும். பிரதி எடுப்பதற்கும் டவுன்லோடுக்கும் கபாசோ என்ற இன்னொரு அமைப்பு. பதிவை ஒலிபரப்பினால் பாடியவருக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் தருவது சாம்ப்ரா என்ற மூன்றாவது அமைப்பு. ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதும் தானே வரும் என்று காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

எங்கள் நாட்டு ஜூலு பாடகர் சாலமன் லிண்டாவின் கதையை எல்லோருக்கும் சொல்வேன். 1939-இல் ஜொகனஸ்பர்க்கில் அவர் பாடிப் பதிந்த 'ம்பூபே' என்ற பாட்டு, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகமெல்லாம் சுற்றியது. உரிமையை வெறும் 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தவர், 1962-இல் வறுமையிலேயே செத்தார். பிள்ளைகளின் வழக்கு 2006-இல்தான் சமரசமாக முடிந்தது.

என் கை வழியாகவும் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. ஆரம்ப நாட்களில் ஒரு காவடிப் பாட்டுப் பதிவுக்கு ஆர்மோனியம் வாசித்த தாத்தா அங்கேயே உட்கார்ந்து சரணத்துக்கு மெட்டுக் கட்டினார். நான்தான் பட்டனை அழுத்தினேன். அட்டையில் பாடியவர் பெயர் மட்டும் வந்தது. தாத்தா போன பிறகு அவர் மகள் வந்து, "அண்ணே, அது அப்பா மெட்டுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு மிக்ஸர் பக்கத்தில் எப்போதும் ஸ்ப்ளிட் ஷீட் வைத்திருக்கிறேன். பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், ஆளுக்கு எத்தனை சதவீதம், மொத்தம் 100, தேதி, கையெழுத்து. நண்பர்களாக இருக்கும்போதே எழுதச் சொல்கிறேன், வக்கீல் தேவையில்லை. கூடவே போனில் கிடக்கும் முதல் முணுமுணுப்பை அழிக்காதீர்கள். நீங்கள்தான் ஆக்கியவர் என்பதற்கு அதுவும் சாட்சி.

போன மாதம் ஒரு தங்கச்சி பாட்டி பாடிய தாலாட்டில் நாலு வரியைத் தன் பாட்டில் சேர்த்திருந்தாள். பழைய நாட்டுப்பாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். கேட்டுப் பாரம்மா என்றேன். ஸ்பீக்கரில் பாட்டி சொன்னார்: "உங்கம்மாவுக்கு நானே கட்டினது கண்ணு, இன்னும் ரெண்டு அடி இருக்கு." அதையும் பாடினார். மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் நகர்த்திப் பதிந்தோம். ஷீட்டில் பாட்டி பெயருக்கு நேரே 20 என்று தங்கச்சியே எழுதினாள். கையெழுத்து வாங்க மறுநாள் காலையில் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.