காரை வீட்டுக்குச் சிமெண்டு பூசாதீர்கள்

இராமநாதபுரக் கரையில் சுண்ணாம்புக் கலவையான காரையால் கட்டிய ஒரு பழைய வீடு பலமிழந்து நிற்கிறதென்றால், அதன் வயதைக் குறை சொல்லுமுன் கடைசியாக நடந்த மராமத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சுவரில் சிமெண்டு ஏறியிருக்கும், அல்லது கூரையில் கான்கிரீட்.

நில அதிர்வுக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் (ஐ.எஸ். 1893) 2016 வரைபடப்படி இராமநாதபுரம் இரண்டாம் மண்டலம், அபாயம் குறைவு. ஆகவே முன்னோர் நிலநடுக்கத்தை நினைத்தே கட்டினார்கள் என்பது மிகை. ஆனாலும் 2001-இல் கட்ச்சில் தாக்குப்பிடித்த வட்ட மண்வீடுகள், 2005-இல் காஷ்மீரில் நின்ற மரச்சட்ட வீடுகள் ஆகியவற்றின் குணத்தில் கொஞ்சம் இங்கேயும் உண்டு. சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும் காரை ஒன்று, பனங்கை எனும் பனைமரச் சட்டங்கள்மேல் ஓடு வேய்ந்த எடை குறைந்த கூரை இன்னொன்று. மராமத்து பறிப்பது இந்த இரண்டையும்தான்.

உவர் நிலத்தில் சுவர் ஓதம் இழுக்கத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலாகப் பூக்கும், விளக்குமாற்றால் தட்டினால் போய்விடும். சிமெண்டு பூசிய சுவரில் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. இரண்டடியில் நின்ற ஓதம் நாலடிக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் காரையைத் தூளாக்கும். வெளியே பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளங்கை அகலம் பெயர்த்து, கல் இடுக்கில் சாவியை விடுங்கள். சாவி தடையில்லாமல் இறங்கி மாவு கொட்டினால், அது கட்டிய சுவரல்ல, அடுக்கிவைத்த கல். நிலநடுக்கம் வரைக்கும் போக வேண்டாம், தெருவில் ரோடு ரோலர் போனாலே பயப்பட வேண்டியதுதான்.

சிமெண்டை ஒரே மூச்சில் உரிக்காமல் மூன்றடிப் பட்டைகளாக, உளியைச் சாய்த்துப் பிடித்து எடுக்கவும். உப்பை இழுக்க, காகிதக் கூழையும் களிமண்ணையும் நல்ல தண்ணீரில் குழைத்து முக்கால் அங்குலம் அப்புங்கள். காய்ந்ததும் எடுத்து வீசிவிட்டு, மறுபடி இரண்டு தடவை. பிறகு இடுக்குகளை ஓர் அங்குலம் சுரண்டிக் கழுவி, ஈரம் காயுமுன் காரையைத் திணிக்க வேண்டும். நீற்றியபின் 15 நாளாவது தண்ணீருக்குள் கிடந்த சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்றுமணல் 2, சலித்த செங்கல் தூள் 1. கடற்கரை மணல் ஆகாது. போர் தண்ணீர் நாக்கில் கரித்தால் அதுவும் ஆகாது, லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு கரண்டி சிமெண்டு சேர்ப்பார், விடாதீர்கள்.

சுவர் பவளப்பாறைக் கல்லாக இருந்தால், உதிர்ந்த கல்லுக்கு எண் போட்டு வைத்து அதே இடத்தில் மீண்டும் வையுங்கள். பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலிலிருந்து புதிதாக எடுக்க முடியாது. போதாத இடத்துக்கு நன்கு வெந்த செங்கல் போதும்.

கூரைக்கு வருவோம். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். சீமை ஓட்டுக் கூரை அதில் கால் பங்குதான். நிலம் ஆடும்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, தலையில் இருக்கும் எடையைப் பொறுத்தது. ஒழுகுகிறது என்பதற்காக ஓடுகளை இறக்கிவிட்டுத் தளம் போடுவது சுவருக்குச் செய்யும் துரோகம். பனங்கையில் முதலில் இற்றுப்போவது சுவருக்குள் புதைந்த முனை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையில் நுனி இறங்காது. மாற்றும்போது முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு விடவும். சுவர்த் தலையில் நெடுக ஒரு மரக்கட்டை ஓடவிட்டு, மூலைகளில் வெட்டிப் பொருத்தி, ஒவ்வொரு பனங்கையையும் அதோடு எவர்சில்வர் பட்டையால் பிணைக்க வேண்டும். சாதா இரும்பு உப்புக்காற்றில் துருவேறி, உப்பிக் கல்லையே பிளக்கும்.

கடைசியில் நீர்த்த சுண்ணாம்பு மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். பெயிண்டுக் கடையில் மழைக்குத் தாங்கும் எமல்ஷன் என்று டப்பாவை நீட்டுவார்கள். அதை அடித்தால், உரித்த சிமெண்டை வேறு பெயரில் திரும்பப் பூசியதாகத்தான் கணக்கு.