ஒற்றைத் தலைவலிக்கு ரெண்டு மருந்து சேரலாமா?

மாதத்தில் பன்னிரண்டு நாள் படுத்திய ஒற்றைத் தலைவலி, தடுப்பு மாத்திரையால் ஏழு நாளாகக் குறைந்திருக்கிறது ஒரு வாசகருக்கு. “டாக்டர் இன்னொரு மருந்தும் சேர்க்கலாம் என்கிறார். ரெண்டும் சேர்ந்தால் ஆபத்தில்லையா?” என்று கேட்கிறார்.

மருந்துகள் எங்கே வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத் தெரியும். அந்த உறையில் ஓடும் வலி நரம்பிழைகள் இரண்டு வகை. மையலின் என்ற கொழுப்புப் பூச்சே இல்லாதவை சி இழைகள். மெல்லிய பூச்சு கொண்டவை ஏ-டெல்டா இழைகள். சி இழைக்குள் குட்டிக் குட்டிப் பைகளில் சிஜிஆர்பி என்ற, ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் புரதத் துணுக்கு அடைபட்டிருக்கிறது. இழை தூண்டப்பட்டதும் பை சுவரோடு ஒட்டி, உள்ளிருப்பதை வெளியே கொட்டுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஏ-டெல்டா இழையில் இருக்கின்றன. கொடுப்பது ஒன்று, வாங்குவது இன்னொன்று!

போட்டாக்ஸ் ஊசி, பை சுவரோடு ஒட்டத் தேவையான ஸ்னாப்-25 புரதத்தை வெட்டிவிடுகிறது. 2018 முதல் புழக்கத்துக்கு வந்த எதிர்ப்புரத (ஆன்டிபாடி) ஊசிகளில் சில, வெளியே கொட்டிய சிஜிஆர்பியையே பிடித்துவிடுகின்றன. எலிகளில் சோதித்தபோது போட்டாக்ஸ் சி இழைகளை அடக்கியது, ஏ-டெல்டாவைத் தொடவில்லை. எதிர்ப்புரதமான ஃப்ரெமனெசுமாப் நேர்மாறாகச் செய்தது. இரண்டையும் சேர்க்கலாம் என்ற யோசனைக்கு இதைவிட அழகான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்த இரண்டைச் சேர்த்தாலும் பலன் கூடிவிடாது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட் என்ற தடுப்பு மாத்திரை எடுத்தும் குறையாதவர்களுக்கு, ப்ரோப்ரனலால் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரையையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. கூடுதல் பலன் இல்லையென்று அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு அது. தன் மருந்தோடு போட்டி நிறுவனத்தின் மருந்தைச் சேர்த்துச் சோதிக்க எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இருக்காது. இதற்குப் பொதுப் பணம் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆபத்து பற்றி: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. வலி வந்தபின் போடும் டிரிப்டான் வகை மாத்திரையான ரிசாட்ரிப்டானின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அந்த மாத்திரையைக் குறைந்த அளவில்தான் போட வேண்டும். டோபிரமேட், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட் இரண்டும் கருவைப் பாதிக்கும். சேர்ந்தால் ரத்தத்தில் அம்மோனியாவும் ஏறலாம். வலி நிவாரணி மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள்: டிரிப்டான் மாதத்தில் பத்து நாள், பாராசிட்டமால் பதினைந்து நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த மாத்திரைகளே தலைவலியைத் தூண்டும்.

ஆகவே அந்த வாசகர் டாக்டரிடம் கேட்க வேண்டியது: “முதல் மருந்து செய்யாத எதை இது செய்யும்?” சேர்ப்பதென்றால் புதியதைச் சிறிய அளவில் தொடங்கி, வலி வந்த நாட்களைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பழைய மாத்திரை ப்ரோப்ரனலாலாக இருந்தால் அதைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. இதயம் தாறுமாறாகத் துடிக்கக்கூடும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.